`நாத்தம் வந்தாலே தலை வலிக்குது!' - கொடுங்கையூர் அம்மாவின் நோட்டும் `நோசீபோ' விளைவும்

ராத்திரி பத்தரை மணி இருக்கும். கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் எங்கள் வீட்டு ஹாலில் படுத்திருந்த அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏதோ கேஸ் வாசனை வருதுல்ல?"

எனக்கும் வந்தது. மண்ணெண்ணெய் மாதிரியும் இல்லை, குப்பைமேட்டுப் புகை மாதிரியும் இல்லை. காரமான ஏதோ ஒன்று. அம்மா ஜன்னலைச் சாத்தினார். அதற்குள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி விழுந்தது. `மணலி பக்கம் கேஸ் லீக்காம். யாரும் வெளியே வராதீங்க.' யார் சொன்னது, எந்த கம்பெனி, எத்தனை மணிக்கு என்று எதுவும் இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் குரூப்பில் வரிசையாக மெசேஜ்கள். `எங்க வீட்லயும் கண் எரியுது', `பாப்பாவுக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்காம்', `தொண்டை கமறுது.'

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது என்றார். உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, நெஞ்சு இறுக்கம், தலை கிர்ரென்று சுற்றல். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், ஆறு வயசு, ஆயாவைப் பார்த்துக்கொண்டே "எனக்கும் தொண்டை எரியுது" என்று அழ ஆரம்பித்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள், 98 காட்டியது. பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. இ.சி.ஜி நார்மல். இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. கீழ் வீட்டில் புதுக் கதவுக்கு வார்னிஷ் அடித்து, காயட்டும் என்று மாடிப்படி ஓரம் சாய்த்துவைத்திருந்தார்கள்.

அம்மா அன்றைக்கு முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "ஆஸ்பத்திரியில என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க" என்று மட்டும் சாயங்காலம் சொன்னார். எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் நடிக்கவில்லை. விரல் நிஜமாகவே மரத்தது. நெஞ்சு நிஜமாகவே படபடத்தது. வார்னிஷ் வாசனைக்கு லேசாகத் தலைவலி வரும்தான். ஆனால், அவ்வளவு தூரம் போனதற்கு வார்னிஷ் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதே வார்னிஷுக்குப் பக்கத்திலேயே தூங்கிய கீழ் வீட்டு அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று தெரு தள்ளியிருந்து குரூப்பில் `கண் எரியுது' என்று எழுதியவருக்கு அந்த வாசனை எட்டியிருக்கவே வாய்ப்பில்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்கு நடந்ததற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: `நோசீபோ' விளைவு.

`பிளாசிபோ' என்ற வார்த்தையை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்து `இது குணமாக்கும்' என்று சொன்னால், சிலருக்கு நிஜமாகவே வலி குறையும். அதன் மறுபக்கம்தான் நோசீபோ. `இது உனக்குக் கெடுதல் செய்யும்' என்று நம்பினாலே உடம்பு தொல்லையைக் காட்ட ஆரம்பிக்கும். லத்தீனில் அதற்கு `நான் தீங்கு செய்வேன்' என்று பொருள். 1961-ல் வால்டர் கென்னடி என்ற மருத்துவர் இந்த வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். `அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் ஊரில் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம்.

சரிதான். ஆனால், அந்தப் பழமொழியை வடசென்னையில் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஏரியாவில் பேய் நிஜமாகவே இருக்கிறது.

பயப்படக் காரணம் இருக்கும் ஊர்

கொடுங்கையூர் என்றதும் சென்னையில் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது குப்பைமேடுதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வடசென்னையின் குப்பை அங்கே கொட்டப்படுகிறது. பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கும் 66 லட்சம் டன்னுக்கும் அதிகமான குப்பையை, `பயோமைனிங்' முறையில் தோண்டிப் பிரித்து, சுமார் 250 ஏக்கர் நிலத்தை மீட்க சுமார் 640 கோடி ரூபாயில் மாநகராட்சி வேலையைத் தொடங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம், இங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வரப்போகிறது என்றதும், 2025 மே மாதம் மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். வெயில் காலத்தில் குப்பைமேடு தானாகவே பற்றிக்கொள்ளும். மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது. அது போதும். கடல் காற்று வீசும் சாயங்காலங்களில் புகை எங்கள் மொட்டை மாடியில் காயும் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் வடக்கே போனால் மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள், உரத் தொழிற்சாலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. அந்தக் கறை போகும் முன்பே, டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குக் கடலுக்கு அடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டி 2,090 இருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டியது 49.

அன்று கண் எரிந்தவர்களுக்குக் கண் எரிந்தது அம்மோனியாவால். அதில் மனசுக்கு எந்த வேலையும் இல்லை.

அந்த வீடியோக்களை அம்மா எத்தனை முறை பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. `நமக்கும் ஒரு நாள் இப்படித்தான்' என்று அதற்குப் பிறகு அடிக்கடி சொல்வார். பத்தரை மணி வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியபோது, அவர் உடம்பு அந்த டிசம்பர் ராத்திரிக்குத் தயாராகவே காத்திருந்தது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

திருவொற்றியூர் பள்ளியும் டென்னசி பள்ளியும்

2024 அக்டோபர் 25. திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு தனியார் பள்ளி. திடீரென்று ஏதோ நெடி. மாணவிகளுக்குத் தொண்டை எரிச்சல், குமட்டல், மயக்கம். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து பள்ளியைச் சோதித்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளக்கும் வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. பள்ளியை மூடினார்கள். நவம்பர் 4-ம் தேதி மறுபடி திறந்தார்கள். அன்றைக்கே இன்னும் சில மாணவிகள் மயங்கினார்கள். பெற்றோர் பள்ளி வாசலில் கொதித்தார்கள். என்ன வாயு, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, வாசலில் நின்ற பெற்றோருக்குத் திட்டவட்டமான பதில் கிடைக்கவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. சுற்றிலும் ஆலைகள் இருக்கும் ஊரில் `வாயு எதுவும் கிடைக்கவில்லை' என்பதற்கும் `வாயு எதுவும் இருக்கவில்லை' என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நெடி காற்றோடு போய்விட்ட பிறகு வந்து அளந்தால் கருவி என்ன காட்டும்?

ஆனால், இதே போன்ற ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்து, அதை மிக விரிவாக ஆராய்ந்து எழுதிவைத்திருக்கிறார்கள். 1998 நவம்பர், டென்னசி மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்பறையில் பெட்ரோல் மாதிரி வாசனை வருவதாக ஓர் ஆசிரியை சொன்னார். அவருக்குத் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல். பிறகு மாணவர்களுக்கும் அதே தொல்லை. பள்ளியைக் காலி செய்தார்கள். அன்றைக்கு 80 மாணவர்களும் 19 ஊழியர்களும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஐந்து நாள் கழித்துப் பள்ளி திறந்தபோது இன்னும் 71 பேர். காற்று, தண்ணீர், ரத்தம், சிறுநீர் என எல்லாவற்றையும் சோதித்தார்கள். கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள். நச்சு எதுவும் கிடைக்கவில்லை. உடல்நிலை சரியில்லாத இன்னொருவரைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கும், வாசனையை உணர்ந்ததாகச் சொன்னவர்களுக்கும் அறிகுறிகள் அதிகமாக வந்திருந்தன. ஆம்புலன்ஸ், சைரன், டி.வி கேமரா எல்லாம் சேர்ந்து பயத்தைக் கூட்டின.

கூட்டமாக ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு அறிகுறி பரவுவதை மருத்துவர்கள் நன்றாகவே அறிவார்கள். அக்கா மகனுக்குத் தொண்டை எரிந்தது வார்னிஷாலா, ஆயாவின் முகத்தாலா? எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் 100 வருஷத்துக்கு முன்பே ஒரு பேராசிரியர் வகுப்பில் ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தார். 1899-ல் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஸ்லாசன் என்பவர், பஞ்சில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு, `இதன் வாசனை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்கிறேன், வாசனை வந்ததும் கை தூக்குங்கள்' என்றார். முதலில் முன்வரிசைக் கைகள் உயர்ந்தன. ஒரு நிமிடத்துக்குள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கை தூக்கிவிட்டார்கள். முன்வரிசையில் சிலருக்கு ஒவ்வாமல் போய் எழுந்து வெளியே போகவே தயாராகிவிட்டார்கள். அதோடு அவர் சோதனையை நிறுத்திக்கொண்டார். எல்லாம் வெறும் தண்ணீருக்கு!

மூக்கு ஒரு மணி, மீட்டர் அல்ல

வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அதை மிகச் சிறிய அளவிலேயே நம் மூக்கு பிடித்துவிடும். கழிவுநீர் கால்வாயிலும் குப்பைமேட்டிலும் வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. உடம்புக்கு ஆபத்தான அளவைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும்போதே அதை மூக்கு கண்டுபிடித்துவிடும். அதாவது, நாற்றம் வருகிறது என்றாலே விஷம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தமில்லை.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடவும் வேண்டாம். இது மறுபக்கமும் வெட்டும். அதே ஹைட்ரஜன் சல்பைடு ரொம்ப அதிகமானால் மூக்கின் மோப்ப சக்தியே மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. மலக்குழிகளில் இறங்கும் தொழிலாளர்கள் சத்தமில்லாமல் சாய்ந்துவிழுவதற்கு அதுவும் ஒரு காரணம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. புகையில் நுரையீரலை அதிகம் கெடுக்கும் நுண்துகள்களும் மூக்குக்குத் தெரியாது. `இன்னைக்கு நாத்தம் இல்ல, காத்து சுத்தமா இருக்கு' என்று அம்மா சொல்வதும், `நாத்தம் அடிக்குது, செத்தோம்' என்று சொல்வதும் ஒரே மாதிரியான தவறுதான்.

வாசனையைப் பற்றி நமக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து உடம்பு எப்படி மாறுகிறது என்பதை ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் பமேலா டால்டன் 1990-களில் சோதித்தார். ஒரே ரசாயனத்தின் வாசனை. ஒரு குழுவிடம் இது இயற்கைப் பொருளிலிருந்து எடுத்தது என்றார்கள். இன்னொரு குழுவிடம் இது கெடுதல் செய்யக்கூடிய தொழிற்சாலை ரசாயனம் என்றார்கள். கெடுதல் என்று கேட்டவர்களுக்குத்தான் கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் அதிகம். வாசனை நேரம் ஆக ஆகப் பழகிவிடுவது வழக்கம். அவர்களுக்கு அதுவும் நடக்கவில்லை.

கொடுங்கையூருக்கு இன்னும் நெருக்கமான ஓர் ஆய்வும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அபாயகரமான கழிவுகள் கொட்டப்பட்ட இடங்களுக்கு அருகில் வசிப்பவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு, 1991-ல் வெளியானது. அடிக்கடி நாற்றம் உணர்ந்தவர்களுக்குத் தலைவலி, குமட்டல் அதிகம். சுற்றுச்சூழலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டவர்களுக்கும் அதிகம். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு? பல மடங்கு. நாற்றமும் கவலையும் தனித்தனியாகச் செய்வதைவிட, கைகோத்துக்கொண்டு செய்வது பெரியது.

இதைக் குப்பைமேட்டை நிர்வகிப்பவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். `பார்த்தீர்களா, எல்லாம் மக்களின் கவலைதான்!' நான் வேறு மாதிரி படிக்கிறேன். அந்தக் கவலையை உண்டாக்குவது யார்? நாற்றத்தைக் குறைத்தால் தலைவலி குறையும். `இன்று காற்றில் என்ன இருக்கிறது' என்ற உண்மையான தகவலை உடனுக்குடன், புரிகிற தமிழில் கொடுத்தாலும் தலைவலி குறையும். இரண்டும் மருத்துவம்தான். இரண்டையும் டாக்டர் செய்ய முடியாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை முடிவெடுத்த நொடியில் அட்ரினலின் பாயும். இதயம் வேகமெடுக்கும், வயிறு பிசையும், வாய் உலரும். மூச்சு வேகமாகும். இங்கேதான் ஒரு வில்லங்கம். தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். அதனால் தலைசுற்றல், விரல் நுனி மரத்தல், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, நெஞ்சு இறுக்கம் எல்லாம் வரும். பார்த்தால் அம்மாவின் பட்டியல் அப்படியே இருக்கிறது! ஆக்ஸிஜன் குறையவில்லை, அதனால்தான் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. ஆனால், `மூச்சு முட்டுதே' என்று மேலும் வேகமாக இழுக்கிறோம். தொல்லை மேலும் கூடுகிறது. `பார், விஷம் ஏறுகிறது' என்று மனசு நம்புகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி ஏறும்.

வலியிலும் இதே கதைதான். இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாப்ரிசியோ பெனடெட்டி, `வலி கூடப்போகிறது' என்ற எதிர்பார்ப்பு மூளையில் கோலிசிஸ்டோகைனின் என்ற ரசாயனத்தைத் தூண்டி வலியை நிஜமாகவே கூட்டுகிறது என்று 1990-களில் காட்டினார். அந்த ரசாயனத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, எதிர்பார்ப்பால் கூடிய வலி தடுக்கப்பட்டது. மனப்பிரமை என்று ஒதுக்கும் விஷயத்துக்கு மருந்தால் தடுக்கக்கூடிய ஒரு ரசாயனம் இருக்கிறது என்றால், அதை எப்படிப் பொய் என்பது?

மாத்திரை விஷயத்துக்கும் இது பொருந்தும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் உடம்பு வலி வருகிறது என்று நிறுத்திவிட்ட 60 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சில மாதங்கள் நிஜ மாத்திரை, சில மாதங்கள் ஒன்றுமில்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் மாத்திரையே இல்லை. எது நிஜம், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. 2020-ல் முடிவு வந்தது. நிஜ மாத்திரை மாதங்களில் கூடுதலாக வந்த தொல்லையில் 90 சதவிகிதம், போலி மாத்திரை மாதங்களிலும் வந்திருந்தது. முடிவைக் காட்டிய பிறகு, அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள். இதை நம்பி யாரும் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். சில மருந்துகளுக்கு நிஜமான பக்கவிளைவுகள் உண்டு.

கொரோனா தடுப்பூசியை மறந்திருக்க மாட்டீர்கள். 45,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 12 பரிசோதனைகளை ஒன்றாக அலசிய ஆய்வு 2022-ல் வந்தது. வெறும் போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் 35 சதவிகிதம் பேருக்கு முதல் ஊசிக்குப் பின் தலைவலி, சோர்வு போன்ற தொல்லைகள் வந்திருந்தன. தமிழ்நாட்டில் நமக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. 2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் மக்களுக்கு நம்பிக்கை கொடுக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பால் காலமானார். அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழு பிறகு சொன்னது. ஆனால், அந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் ஊசி போட்டுவந்த எத்தனையோ பேர் ராத்திரி முழுக்க நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் இதயத் துடிப்பு கேட்கத்தான் செய்யும்.

`எல்லாம் மனசுலதான்' என்ற வார்த்தை

எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். புகை வரும் நாள்களில் மூச்சு இரைக்கும். ஒரு கிளினிக்கில் இரண்டு முறை காட்டியிருக்கிறார். `வயசாயிடுச்சு தாத்தா, பயந்துக்கிறீங்க' என்று தூக்க மாத்திரை மாதிரி ஏதோ எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது முறை உதடு நீலமாகி, அரசு மருத்துவமனையில் ஒரு வாரம் படுக்கையில் இருந்தார். நுரையீரல் அடைப்பு நோய். ஊதிப் பார்க்கும் எளிய சோதனை ஒன்றை முன்பே செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால்தான் இந்த நோசீபோ விஷயத்தை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. அம்மாவுக்கு நடந்ததை மட்டும் எழுதினால், அந்தப் பெரியவரைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்ப இது இன்னொரு சாக்காகிவிடும். பெரியவருக்கு நடந்ததை மட்டும் எழுதினால், அம்மா மாதிரியானவர்கள் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக் கடன்காரர்களாவார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, `உங்களுக்கு வந்த தொல்லை உண்மை. நுரையீரலும் இதயமும் நன்றாக இருக்கின்றன. பதற்றத்தில் மூச்சு வேகமானதால் இப்படி ஆகியிருக்கிறது' என்று இரண்டு நிமிடம் செலவழித்துச் சொல்வதும், `ஒண்ணுமில்ல, போங்க' என்பதும் ஒன்றல்ல. அம்மா அந்த ராத்திரி கேட்டது இரண்டாவதைத்தான்.

கீழே இருப்பவை பயம் என்று ஒதுக்கக் கூடாதவை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சுத்திணறல், விசில் மாதிரி இழுப்பு, உதடு அல்லது நகம் நீலமாவது, கை, தாடைக்குப் பரவும் நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, நினைவு தப்புவது, ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழ். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 108. ஆஸ்துமா இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் விஷயத்தில் புகை நாளில் கொஞ்சம் அதிகமாகவே எச்சரிக்கை வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் படபடப்பும் மரமரப்பும் மட்டும் இருந்தால், நெடி வரும் இடத்திலிருந்து முதலில் விலகுங்கள். பிறகு உட்கார்ந்து, மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம். சினிமாவில் காட்டுவது போல் பேப்பர் கவருக்குள் மூச்சு விடாதீர்கள். நிஜமாகவே ஆஸ்துமாவோ இதயப் பிரச்னையோ இருந்தால் அது ஆபத்து. தெரு குரூப்பில் வருவதை, யார் எங்கிருந்து சொன்னார்கள் என்று தெரியாமல் அடுத்த குரூப்புக்குத் தள்ளாதீர்கள். நோய் பயம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு நாற்பது ரூபாய் நோட்டு

அம்மாவுக்கு உதவியது வேறொன்று. பிறகு பார்த்த ஒரு டாக்டர், `தலைவலி வரும்போதெல்லாம் எழுதி வைங்கம்மா' என்றார். நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினோம். தேதி, நேரம், வாசனை உண்டா, என்ன மாதிரி, காற்று எந்தப் பக்கம், உடம்புக்கு என்ன, அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார்.

இரண்டு மாதம் கழித்து நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். இருமலும் கண் எரிச்சலும் பெரும்பாலும் புகை வந்த நாள்களில்தான். அது குப்பைமேட்டின் கணக்கு. தலைவலி அப்படி இல்லை. நாற்றமே இல்லாத நாள்களிலும் வந்திருந்தது. அதில் பாதி, காலையில் வெறும் டீயோடு வேலைக்கு ஓடிய நாள்கள். இன்னும் சில, ராத்திரி வெகுநேரம் போனில் கேஸ் லீக் வீடியோ பார்த்த நாள்களுக்கு மறுநாள். கண்ணாடி பவர் மாற்றி நாலு வருஷம் ஆகியிருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்போ இத்தனை நாளா நானா இழுத்து விட்டுக்கிட்டேனா?" என்று கேட்டார் அம்மா. இல்லை என்றேன். இருமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த நோட்டால் இன்னொரு உபயோகமும் வந்தது. `எப்பப் பாத்தாலும் புகைதான் சார்' என்று சொன்னபோது காது கொடுக்காதவர்கள், தேதி, நேரத்தோடு சொன்னபோது எழுதிக்கொண்டார்கள். இப்போது தெருவில் இன்னும் நாலு பேர் நோட்டு வைத்திருக்கிறார்கள்.

அக்கா மகன் போன மாதம் மறுபடி வந்திருந்தான். சாயங்காலம் கடல் காற்றோடு அந்த வழக்கமான நாற்றம் வந்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆயா, இந்த வாசனைக்கு எனக்குத் தலை வலிக்குமா?" என்று கேட்டான். அம்மா ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். "நாத்தம்தான்டா கண்ணு. ஜன்னலைச் சாத்திட்டு வா, அது போயிடும்" என்றார். அவன் சாத்திவிட்டு கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டான்.

அம்மா நோட்டை எடுத்து எழுதினார். `மாலை 6.20. குப்பை எரியும் நாத்தம். கிழக்கு காத்து. இருமல் ரெண்டு தடவை. தலைவலி இல்லை. 1913-க்கு போன் பண்ணேன்.' அதற்குக் கீழே, மாநகராட்சிப் புகார் எண்ணில் பேசியவர் கொடுத்த நம்பரையும் மறக்காமல் குறித்துக்கொண்டார்.